சிவகுருநாதரின் கரவனுக்கு மின்சாரம் கொடுத்த வரலாறு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கராஜில் இருந்த இளையவர்கள் தேநீரும் கேக்கும் வைத்து உபசரித்துவிட்டு, "உங்கள் காலத்தில் மிகக் கடினமான வேலை எது?" என்று கேட்டார்கள். தீப்பிடித்த லொறி ஒன்றையோ, வெள்ளத்தில் மூழ்கிய பஸ் ஒன்றையோ நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலும். "ஒரு கரவனுக்கு விளக்குப் பூட்டியது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் பிழையில்லை. இக்காலத்தில் காரின் பின்னால் கரவன் என்னும் சக்கர வீட்டை இழுக்க வேண்டுமானால், பெட்டியில் வருகிற வயர்க்கட்டை எடுத்து, அதற்கென்றே காரில் விடப்பட்டிருக்கும் இடத்தில் சொருகி, கணினிக்கு அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. அன்று நடந்ததை உள்ளபடி எழுதி உங்களிடம் ஒப்படைக்கிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். எழுத்து நடையை நூல்களைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். குறை இருப்பின் பொறுத்தருளவும்.

என் சொந்த இடம் மன்னார். வாகன மின்வேலையை வவுனியாவில் ஒரு லொறிக் கராஜில் பத்து ஆண்டுகள் செய்தேன். அந்த லொறிகளுக்கு ஹோர்ன் அடித்தால் போதும். மற்ற விளக்குகள் எரிவதும் எரியாததும் சாரதியின் விருப்பத்தைப் பொறுத்தவை. இந்தப் பயிற்சியுடன் நான் நியூசிலாந்தில் ஆக்லாந்து நகருக்கு வந்து சேர்ந்தேன். மனைவி பிலோமினாவும் மகளும் கொழும்பில் ஒரே ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கான விண்ணப்பத்துடன், எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று முதலாளி தரும் கடிதமும் இணைக்கப்பட வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் இல்லாமல் அவர்கள் வர வழியில்லை.

எனக்கு வேலை கொடுத்தவர் ஹென்டர்சனில் கராஜ் வைத்திருந்த இவான் என்பவர். அவருடைய பாட்டனார் திராட்சை பயிரிட ஐரோப்பாவிலிருந்து வந்தவர். இவான் பெரிய உடம்பும் சிறிய குரலும் உடையவர். ஒரு நாளைக்கு நாற்பது சொற்களுக்கு மேல் செலவழிக்கமாட்டார். நான் அவரைப் பொஸ் என்று அழைத்தேன். மரியதாஸ் என்ற என் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் என்னை டாஸ் என்று அழைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை நான் இங்கே தமிழில் தருகிறேன்.

மூன்று மாதம் பரீட்சைக்காலம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். அதனருகே ஒரு நூலில் சிவப்புப் பேனா கட்டப்பட்டிருந்தது. நாம் செய்து அனுப்பிய வேலை எதுவும் பழுதாகித் திரும்பி வந்தால், செய்தவனே எழுந்து போய் அந்தத் தேதியில் சிவப்பு வட்டம் போட வேண்டும். பொஸ் போடமாட்டார், திட்டவும் மாட்டார். மூன்று மாதத்துக்குள் மூன்று வட்டம் விழுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்தாவது வாரம் முடிவதற்குள் என் கையால் இரண்டு வட்டங்கள் போட்டுவிட்டேன்.

முதலாவது, வவுனியா வழக்கப்படி வயர்களை முறுக்கி டேப் சுற்றியதால் வந்தது. மழைநீர் உள்ளே போய் ஒரு படகு ட்ரெய்லரின் பிரேக் விளக்கு அணைந்தது. இரண்டாவது சற்றுப் பெரியது. கரவனுக்குள் ஒரு சிறிய ஃபிரிட்ஜ் இருக்கும். கார் ஓடும்போது அது காரின் மின்சாரத்தில் ஓட வேண்டும். கார் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். இதற்காக நடுவில் ரிலே என்னும் சிறு கருவியைப் பூட்டுவார்கள். நான் அதைப் பூட்டாமல் நேரே பற்றரியிலிருந்து வயர் இழுத்துவிட்டேன். வண்டிக்காரர் பியா கடற்கரையில் காரை நிறுத்திக் குளித்துவிட்டு வந்தபோது ஃபிரிட்ஜுக்குள் இறைச்சி நன்றாகக் குளிர்ந்திருந்தது. கார்தான் அசையவில்லை. பொஸ் இணைப்பு வயருடன் மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிச்சென்று அவரை மீட்டு வந்தார். திரும்பி வந்து, பேனாவின் நூலைச் சற்று நீளமாக அவிழ்த்துவிட்டார். என் உயரத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று நினைத்தார் போலும்.

இந்நிலையில்தான் திரு. சிவகுருநாதர் வந்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் வசித்த இவர் ஒரு கணக்காளர். ஐம்பத்தைந்து வயதுச் சைவப் பழம். விபூதி இல்லாத நெற்றியுடன் அவரை எவரும் கண்டதில்லை. நியூ லின்னில் ஒரு கிழவரிடம் பழைய கரவன் ஒன்றை வாங்கியிருந்தார். கனடாவிலிருந்து வந்திருந்த சம்பந்தியை அதில் டவுப்போ ஏரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சனிக்கிழமை காலை பயணம். அவருடைய யப்பானியக் காரில் கரவனுக்கான இணைப்பைச் செய்து தர வேண்டும். "எங்கட தமிழ்ப் பெடியன் இருக்கிற கராஜ் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான்" என்றார். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.

அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். காரின் பின்புறம் பூட்டும் சொக்கெட்டில் வரிசையாக ஏழு ஓட்டைகள். மஞ்சள் வயர் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக், பிரவுன் பின்விளக்கு, கறுப்பு பின்னோக்கிப் போகும் விளக்கு, நீலம் ஃபிரிட்ஜுக்கு. ஏழாவதான வெள்ளை ஏர்த். அதாவது மற்ற ஆறு வயர்களில் போன மின்சாரமெல்லாம் காருக்குத் திரும்பி வருகிற வழி. யப்பானியக் காருக்குள் இருக்கும் வயர்களின் நிறத்துக்கும் இந்த நிறங்களுக்கும் எவ்வித உறவும் கிடையாது. ஆதலால் ஒவ்வொன்றாக டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தேன். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஈயம் பற்றவைத்தேன். ரிலேயை மறக்கவில்லை. வெள்ளை வயரை, மற்றவற்றைவிட இரு மடங்கு தடிப்பானதாக எடுத்து, காரின் இரும்பில் பெயின்ட் சுரண்டி, வெறும் உலோகம் மின்னும்வரை தேய்த்துப் பூட்டினேன்.

அதன்பின் பொஸ்ஸின் பரிசோதனை. அவர் முதலில் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு விரலால் பிடித்து இழுப்பார். கையோடு வந்தால் "அது அங்கே இருந்ததே இல்லை" என்பார். பின்னர் கராஜிலிருந்த விளக்குப் பலகையைச் சொக்கெட்டில் சொருகிவிட்டு, சாரதி ஆசனத்தில் அமர்வார். நான் காரின் பின்னால் நின்று, கண்ணால் கண்டதை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். நினைப்பதையோ எதிர்பார்ப்பதையோ சொல்லக்கூடாது. அன்று வியாழக்கிழமை. "லெஃப்ட். ரைட். ஸ்டொப். டெயில்" என்று வரிசையாகச் சொன்னேன். பொஸ் இறங்கி வந்து தலையை ஒருமுறை அசைத்தார். அது அவருடைய அகராதியில் நீண்ட பாராட்டுரை.

அந்தப் பாராட்டு என் தலைக்கேறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாலையில் காரை எடுக்க வந்த சிவகுருநாதர், சொக்கெட்டின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்து, "தம்பி, உதிலை எது முக்கியமானது?" என்று கேட்டார். நான் வேதக்காரன், கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆயினும் கேட்கிறவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற ஆசையால், "ஐயா, உந்த வெள்ளை வயர் வாற ஓட்டைதான் மூலஸ்தானம். மற்றதெல்லாம் பரிவாரம். இது இல்லாட்டி ஒண்டும் இயங்காது" என்றேன்.

சிவகுருநாதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வேதக்காரப் பெடியனா இருந்தும் நல்ல விளக்கமா கதைக்கிறீர்" என்றார். நான் அன்றிரவு பிலோமினாவுக்கு எழுதிய கடிதத்தில், வேலை உறுதியாகிவிடும் என்ற பொருள்பட இரண்டு பக்கம் எழுதினேன்.

சனிக்கிழமை காலை கராஜ் திறந்து அரை மணி நேரம் ஆகவில்லை. கரவனுடன் சிவகுருநாதரின் கார் உள்ளே வந்தது. முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு; சக்கரங்களில் நசுங்கிய தேசிக்காய்த் தோல்; கரவனின் நெற்றியில் செவ்வந்தி மாலை. சாரதி ஆசனத்திலிருந்து சிவகுருநாதர் இறங்கினார். பக்கத்திலிருந்து அவருடைய மனைவி பராசக்தி அக்கா இறங்கினார். பின் ஆசனத்திலிருந்து இறங்கிய கனடாச் சம்பந்தி, இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் கராஜை விலைக்கு வாங்க வந்தவர் போல் நாற்புறமும் பார்த்தார்.

"என்ன தம்பி வேலை செய்திருக்கிறீர்?" என்றார் சிவகுருநாதர். "சிக்னல் போட்டா கரவன் முழுக்கத் திருவிழா மாதிரி எரியுது. பின்னாலை வந்த வெள்ளைக்காரன் கண்ணாடியை இறக்கி, மெரி கிறிஸ்மஸ் எண்டு சொல்லிப்போட்டுப் போறான்."

"கனடாவிலை உப்பிடி நடக்காது" என்றார் சம்பந்தி.

"ஃபிரிட்ஜும் வேலை செய்யேல்லைத் தம்பி" என்றார் பராசக்தி அக்கா. "தோசை மா உள்ளுக்கை இருக்கு. இப்பவே மூடியைத் தள்ளத் தொடங்கிட்டுது."

நான் கலண்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது எங்கே இருக்கிறதென்று என் முதுகுக்குத் தெரிந்தது.

பொஸ் சாரதி ஆசனத்தில் அமர்ந்தார். நான் கரவனின் பின்னால் போய் நின்றேன். எஞ்சினை இயக்கியதும், எந்தப் பொத்தானையும் தொடாமலே, கரவனின் விளக்குகள் யாவும் மங்கலாக, தூக்கத்தில் கண் திறப்பதுபோல் எரிந்தன.

"லெஃப்ட்?" என்றார் பொஸ்.

"லெஃப்ட், பொஸ். ரைட்டும். டெயிலும்."

"ஸ்டொப்?"

"ஸ்டொப் இல்லை, பொஸ். மற்ற எல்லாம்."

"கண்டதை மட்டும் சொல்."

"கண்டதைத்தான் சொல்கிறேன், பொஸ். இப்போது எல்லாம் சேர்ந்து சிமிட்டுகின்றன."

பொஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். "ஏர்த்" என்றார். அந்த ஒரு சொல் போதும். திரும்பி வர வழியில்லாத மின்சாரம், மற்ற விளக்குகளுக்குள் புகுந்து புகுந்து வழி தேடுகிறது. ஃபிரிட்ஜின் மின்சாரமும் அதில் சேர்ந்துகொள்கிறது. எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த நோய். நோய் இருப்பது வெள்ளை வயரில். வெள்ளை வயரைப் பூட்டியவன் நான்.

காரின் கீழே படுத்து என் இணைப்பை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பொஸ்ஸும் தம் பெருத்த உடம்புடன் என் பக்கத்தில் வந்து படுத்து இழுத்தார், அவருக்கும் வரவில்லை. டெஸ்ட் லாம்ப் அந்த இடத்தில் பளீரென்று எரிந்தது. கரவன் பக்கத்து வயரும் நன்றாகவே இருந்தது. காரில் பழுதில்லை, கரவனில் பழுதில்லை. இரண்டும் சேருகிற இடத்தில் பழுது. பிளக்கைக் கழற்றிச் சொக்கெட்டுக்குள் டோர்ச் அடித்தேன். ஆறு ஓட்டைகளுக்குள் பித்தளை மின்னியது. ஏழாவது மஞ்சளாக அடைத்திருந்தது. அதன் நடுவில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி. முகத்தை அருகே கொண்டுபோனபோது கோயில் வாசனை வந்தது.

பொஸ் ஒரு கம்பியால் அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். காய்ந்து சுண்ணாம்புபோல் இறுகியிருந்தது. முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார். பிறகு சிவகுருநாதரிடம் நீட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

சிவகுருநாதர் அதைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மிக நல்ல ஆங்கிலத்தில், "உங்கள் வேலையாட்கள் பூசிய கிறீஸாக இருக்க வேண்டும்" என்றார்.

இந்த இடத்தில் என் நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வாய் திறந்தால், வயதில் மூத்த ஒருவர் தம் சம்பந்தியின் முன்னிலையில் தலைகுனிய நேரும். திறக்காவிட்டால் மூன்றாவது வட்டம், கடிதம் இல்லை, பிலோமினாவும் மகளும் அதே அறையில். நான் டோர்ச்சை அணைத்துப் பையில் வைத்தேன். பெருந்தன்மையால் சொல்லாமல் விட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எந்தப் பக்கம் போவதென்று எனக்குத் தெரியவில்லை.

பொஸ் என்னைப் பார்த்தார். "உன் கிறீஸா, டாஸ்?"

நான் கலண்டரிடம் நடந்தேன். பேனாவைக் கையில் எடுத்தேன். நூல் நீளமாக்கப்பட்டிருந்தபடியால் எட்டுவதில் சிரமம் இருக்கவில்லை.

"நில்லும் தம்பி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பராசக்தி அக்கா. "ஏனப்பா, உந்தப் பிள்ளையின்ரை தலையிலை போடுறியள்? நேற்று விடிய ஈர்க்குக் குச்சியைக் கூரா வெட்டி, அரை மணித்தியாலம் குனிஞ்சு நிண்டு, உந்த ஓட்டைக்குள்ளை சந்தனம் வைச்சது ஆர்? நானோ?"

"நீர் சும்மா இரும்" என்றார் சிவகுருநாதர்.

"சும்மா இருந்தா என்ரை தோசை மா புளிச்சுப் போம். வெளியிலை ஒரு பொட்டு வையுங்கோ காணும் எண்டு அப்பவே சொன்னனான். கேட்டியளே?"

பின்பு பொஸ்ஸிடம் திரும்பி, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மை ஹஸ்பண்ட். பிரேயர். ஹீ புட்" என்றார். அத்துடன் நின்றிருந்தால் நலமாக இருந்திருக்கும். பொஸ், "ஏழு ஓட்டை இருக்கிறதே, இதற்குள் மட்டும் ஏன்?" என்று கேட்டார். பராசக்தி அக்கா சற்றும் தயங்காமல் என்னை நோக்கி விரல் நீட்டினார்.

"ஹீ செட், தட் வன் இஸ் கோட்."

அதுதான் கடவுள் என்று நான் சொன்னேனாம். சம்பந்தி மெதுவாக முன்னே வந்து, பொஸ்ஸின் உள்ளங்கையிலிருந்ததைப் பார்த்து, "அரைச்ச சந்தனமே? கனடாவிலை இப்ப தூள்தான் கிடைக்குது" என்றார். அந்தக் குரலில் இருந்த பொறாமையைக் கேட்டதும் சிவகுருநாதரின் முகம் தெளிந்தது. "சந்தனக்கட்டை ஊரிலையிருந்து கொண்டு வந்தது. நானே அரைச்சனான்" என்றார். தம் குற்றத்தை அவர் இவ்வாறு பெருமையுடன் ஒப்புக்கொண்டார்.

பொஸ் என்னிடம் வந்தார். "நீ அப்படிச் சொன்னாயா?"

"ஓம், பொஸ். ஏறக்குறைய."

"ஏன்?"

"அவர் எது முக்கியம் என்று கேட்டார், பொஸ்."

அவருடைய தோள்கள் முதலில் ஆடின. பிறகு வயிறு. பதினொரு வாரத்தில் அவர் சிரித்து நான் கண்டது அதுவே முதல்முறை. அந்தச் சிறிய குரலுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார். "வயரிங் திரும்பி வரவில்லை" என்றார். "உன் விளக்கவுரைதான் திரும்பி வந்தது. அதற்கு இந்தக் கலண்டரில் இடமில்லை. இனிமேல் வண்டியைக் கொடுக்கும்போது நிறத்தைச் சொல். வேறெதுவும் சொல்லாதே."

ஆங்கிலத்தில் அது முப்பது சொற்களாவது இருக்கும். ஏறக்குறைய ஒரு முழு நாளைக்குரிய செலவு.

ஓட்டையைச் சுரண்டித் துடைத்து, பித்தளை மின்னச் செய்து, மீண்டும் பரிசோதித்தோம். லெஃப்ட், ரைட், ஸ்டொப், டெயில். ஃபிரிட்ஜும் குளிரத் தொடங்கியது. புறப்படும் முன் சிவகுருநாதர் என்னைத் தனியே அழைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்வதற்கான வாசகத்தையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர், "தம்பி, பரிவார ஓட்டையள் ஆறுக்கும் வைச்சா ஏதும் பிழை வருமே?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். பொஸ் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சள், பச்சை, சிவப்பு, பிரவுன், கறுப்பு, நீலம், வெள்ளை, ஐயா" என்று சொல்லி, சொக்கெட்டின் மூடியை இறுக்கச் சாத்தினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பரீட்சைக்காலம் முடிந்தது. பொஸ் தம் கையாலேயே கடிதத்தை எழுதிக் கொடுத்தார். கராஜின் பெயர் அச்சிட்ட தாளில் இரண்டே வாக்கியங்கள்: "டாஸ் என்னிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார். அவருடைய ஏர்த் நன்றாக இருக்கிறது."

இன்னும் சற்று விரிவாக எழுதும்படி கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதையே கொண்டுபோய்க் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த அலுவலர் ஓர் அம்மையார். முதல் வாக்கியத்தைப் படித்துத் தலையசைத்தார். இரண்டாவதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதன் பொருள் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

ஐயா, அம்மணி, அந்தக் கணத்தில் என் வாயில் ஏழு வயர்களும், அவற்றின் நிறங்களும், போகும் வழியும் திரும்பும் வழியும், தகுந்த உவமைகளுடன் வந்து நின்றன. நான் அவற்றை விழுங்கினேன்.

"அது உண்மை, மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டார். பின்னர் கடிதத்தை மற்றத் தாள்களின்மேல் வைத்து, முத்திரை குத்தினார். குளிர்காலம் தொடங்கும்போது பிலோமினாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

இதில் எழுதியவை யாவும் நான் கண்டவை. தாங்கள் எம்மவரின் தொழில் அனுபவங்களைச் சேர்த்து வருவதாக அறிந்தேன். இக்கட்டுரையையும் அவற்றோடு பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மரியதாஸ்